கொக்குத் தலையில் வெண்ணெய்

கொக்குப் பிடிக்க வழி கேட்டவனுக்கு ஒரு புத்திசாலி யோசனை சொன்ன கதை நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். கொக்கின் தலையில் கொஞ்சம் வெண்ணெயை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். வெயில் ஏற ஏற வெண்ணெய் உருகிக் கண்ணில் வழியும். கண் தெரியாமல் கொக்குத் திண்டாடும்போது ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெண்ணெய் வைக்கப் போகிறவன் அப்போதே கழுத்தைப் பிடித்துவிடக் கூடாதோ என்று கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் நீர்ப்பறவை வேட்டையைப் பற்றிச் சற்று விசாரித்துப் பார்த்தால், இந்தப் பழமொழியை உண்டாக்கியவனே ஒரு கைதேர்ந்த வேடனாக இருந்திருப்பானோ என்று தோன்றுகிறது. ஏனெனில் அந்த வித்தை முழுவதும் ஒரே ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: கிட்டே போவது எப்படி?

அதற்கு நம் தேசத்தின் பல பாகங்களில் கண்டுபிடித்திருந்த உபாயம் வெண்ணெய் யோசனைக்குச் சளைத்ததல்ல. வாத்துகள் இறங்கும் நீர்நிலையில் முதலில் சில காலி மண்பானைகளை மிதக்க விடுவார்கள். பட்சிகள் முதலில் மிரளும்; பிறகு பானையால் ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டு அதன் அருகிலேயே மேயத் தொடங்கும். சில நாட்கள் கழித்து வேடன் தன் தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு துளைகள் மட்டும் வைத்து, கழுத்தளவு நீரில் மெல்ல நகர்ந்து வருவான். வாத்தின் பார்வைக்கு இன்னொரு பானை மிதந்து வருகிறது, அவ்வளவுதான். நீருக்கடியில் அதன் கால்களைப் பிடித்து ஓர் இழுப்பு. பக்கத்திலுள்ள வாத்து, தன் தோழன் முக்குளித்தான் என்றே எண்ணிக்கொள்ளும்! வெடிச்சத்தம் இல்லை, கூட்டம் கலைவதில்லை, ரவை செலவில்லை. பொறுமை ஒன்றுதான் முதல்.

பழைய தமிழில் 'பார்வை' என்ற சொல்லுக்கு, மற்ற விலங்கையும் பறவையையும் கவர்ந்து வரப் பழக்கி வைத்த விலங்கு அல்லது பறவை என்று ஒரு பொருள் உண்டு. வலை, கண்ணி, சுருக்கு, கவண், உண்டைவில் என்று இத்துறைக்கு நம் மொழியில் எத்தனை சொற்கள்! காலம் பார்த்துக் காத்திருக்கும் குணத்துக்கு வள்ளுவரே கொக்கைத்தான் உவமை காட்டினார். வேட்டையாடப்படும் பறவையே வேடனுக்கு வாத்தியாராக இருந்தது என்பதில் ஒரு ரசம் இருக்கிறது.

இராமநாதபுரத்துக்கும் நீர்ப்பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். 'தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று மேலதிகாரிகள் பயமுறுத்தும்போது மனசில் வைத்துக்கொள்வது அநேகமாக எங்கள் ஜில்லாவைத்தான். ஆனால் ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை நாலு நாள் பலமாக அடித்துவிட்டால் இந்தச் சீமையின் முகமே மாறிவிடும். இங்கே வற்றாத நதி இல்லாத காரணத்தாலேயே முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டி, ஒன்று நிரம்பினால் மிச்சம் அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்துவைத்தார்கள். வைகை நதி இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து இளைப்பாறுகிறது. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். கரைக்குக் கரை ஒரே மூச்சில் நாரையாலும் பறந்து கடக்க முடியாத அகலம், 48 மடைகள் என்பது அதன் பொருள். ஒரு நீர்நிலையின் பரப்பைச் சொல்ல மைலையும் ஏக்கரையும் தேடாமல் நாரையின் சிறகைக் கொண்டு அளந்தார்களே, அந்த ஜனங்களுக்குப் பறவை எவ்வளவு பரிச்சயம் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

கண்மாய்க்கு வரும் பறவைகள் இரண்டு தினுசு. நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கொக்கு முதலியவை ஒரு தினுசு. மற்றவை வடக்கே பனி மூடும் காலத்தில் விருந்தாளியாக வந்து, மாசி பங்குனியில் திரும்பிப் போகிறவை: ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, நீலச்சிறகி, வயல் உள்ளான். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் பிறந்த நீலச்சிறகி, முந்நூறு நானூறு கிராம் எடையுள்ள உடம்பைத் தூக்கிக்கொண்டு மலைகளையும் பாலைகளையும் தாண்டி முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாயில் வந்து இறங்குகிறது. சைத்ரிகன் ஒருவன் நாமம் இட்டதுபோல் நெற்றியில் வெள்ளைப் பட்டையுடன் திரியும் நாமக்கோழியைப் பார்த்தால் எங்கள் மாணவர்கள் யாராவது ஒரு வாத்தியாரின் பெயரைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எந்த வாத்தியார் என்று நாம் விசாரிப்பதில்லை.

வேட்டைக்காரர்களின் பிரியமெல்லாம் இரண்டாம் தினுசின் மேல்தான். சைவ உணவுக்காரர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். தானியமும் நீர்ப்பூண்டின் விதையும் தின்னும் ஊசிவால் வாத்துக்கும் கிளுவைக்கும் ருசியில் முதல் மரியாதை. சேற்றைச் சலித்துத் தின்னும் தட்டைவாயன் சகதி வாசனை வீசுவதாகச் சொல்லி ஒதுக்குவார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளைக்காரத் துரைமார்கள் மதித்தது அறுவடை வயலின் ஈரத்தில் பதுங்கியிருக்கும் உள்ளானை. அவர்கள் பாஷையில் அதற்கு 'ஸ்னைப்' என்று பெயர். காலடியிலிருந்து திடீரென்று கிளம்பி, பாம்பு நெளிவது போல் இடமும் வலமும் கோணிக் கோணிப் பறக்கும் இந்தச் சின்னப் பறவையைச் சுட்டு வீழ்த்துவது மிகக் கடினம். 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த கம்பெனிப் பட்டாளத்தார் ஓய்வு நாட்களில் இந்த வேட்டையில் பைத்தியமாக இருந்தார்கள். மறைந்திருந்து குறி தவறாமல் சுடும் போர்வீரனை இன்று உலகமெல்லாம் 'ஸ்னைப்பர்' என்று சொல்கிறதே, அந்தச் சொல் பிறந்தது நம் வயல் வரப்பில்தான்.

வேட்டையின் இன்பம் என்று எதைச் சொல்வது? பழைய வேட்டைப் புஸ்தகங்களைப் படித்தால், கொன்ற கணக்கு ஒரு பக்கம் என்றால் காத்திருந்த கதை பத்துப் பக்கம் வருகிறது. இருட்டோடு எழுந்து போவது, கோரைக்குள் இடுப்பளவு ஈரத்தில் உட்கார்ந்திருப்பது, கிழக்கு வெளுப்பதற்கு முன் தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போகும் சிறகுகளின் ஒலியைக் கேட்டு இது கிளுவை, இது ஊசிவால் என்று இனம் பிரிப்பது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோகும் வாத்தைக் குறிபார்த்துச் சுட்டால் ரவை வாலுக்குப் பின்னால்தான் போகும். அது போய்ச் சேரப்போகும் வெற்றிடத்தைச் சுட வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகு விரலை அசைப்பது ஒரு கணத்து வேலை. அந்த ஒரு கணத்தைக் கழித்துவிட்டால் மற்றதெல்லாம் பறவையைத் தெரிந்துகொள்ளும் இன்பமே என்பது நம் அபிப்பிராயம்.

துப்பாக்கியோடு தொடங்கிய ஒருவர் இந்த முடிவுக்கு வந்ததற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் துரையின் பெயரை நம் தேச சரித்திரத்தில் யாரும் மறக்க முடியாது. 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடுவதற்கு முன்நின்றவர் அவரே. அதற்கு முன் அவர் இந்தியப் பறவைகளைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் அறிந்தவராக மதிக்கப்பட்டவர். இந்தியா, பர்மா, இலங்கையின் வேட்டைப் பறவைகளைப் பற்றி மார்ஷல் என்பவருடன் சேர்ந்து 1879 முதல் 1881 வரை மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். பல வருஷங்களாக எழுதிவைத்த வேறொரு பெரிய நூலின் கையெழுத்துப் பிரதியை ஒரு வேலையாள் கடைத்தெருவில் பழைய காகித விலைக்கு விற்றுவிட்டான்! மனம் உடைந்த ஹியூம், தாம் சேர்த்திருந்த 80,000-க்கு மேற்பட்ட பறவைத் தோல்களையும் முட்டைகளையும் அதே 1885-இல் லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். பிரம்மஞான சங்கத்தின் தொடர்பால் மாமிச உணவையும், ஆராய்ச்சிக்காகப் பறவைகளைக் கொல்வதையும்கூட நிறுத்தினார்.

எல்லோருக்கும் அந்தப் பக்குவம் வரவில்லை. பரத்பூர் மகாராஜாவின் சதுப்பு நிலத்தில் 1938 நவம்பர் 12-ஆம் தேதி வைசிராய் லின்லித்கோ பிரபுவுக்கு அளித்த வேட்டை விருந்தில் ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தன. அந்த எண்ணைக் கல்லில் வேறு வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போன மனிதன் இரண்டு வாத்தோடு வீடு திரும்பினான். அவனுக்குக் கல்வெட்டு இல்லை. விழாமல் தப்பிய பறவைகளுக்கும் ஆபத்து நீங்கவில்லை. சேற்றில் புதைந்த ஈய ரவைகளைச் சிறு கற்கள் என்று எண்ணி வாத்துகள் விழுங்கி, விஷமேறிச் சாவது வெகுகாலத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். வேட்டைக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே 1991-இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை முற்றிலும் தடுத்துவிட்டார்கள்.

துப்பாக்கியை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் நம் கிராமத்து ஜனங்கள் என்பதைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். செங்கல்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் பயிருக்கு உரம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. 1798-இல் அவர்களுக்கு ஒரு கௌல் எழுதிக் கொடுக்கப்பட்டது. 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 'வேடன் தாங்கும் ஊர்' என்று பெயர் வைத்துக்கொண்டு வேடனைத் துரத்திய ஊர் அது! எங்கள் பக்கமும் குறைந்ததல்ல. 1985 வரை இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து இப்போது சிவகங்கையைச் சேர்ந்துவிட்ட கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் மிரளக்கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்பது பெற்றோருக்குத்தான் தெரியும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வாத்துச் சுட வழி இருந்தது. 1991-இல் செய்த திருத்தம் அதையும் மூடிவிட்டது. அத்துடன் துரைமார்களும் ஜமீன்தார்களும் விட்டுச்சென்ற பொழுதுபோக்கு முடிந்தது. அதைப் பற்றி நமக்குச் சிறிதும் வருத்தமில்லை.

ஆனால் பொழுதுபோக்காக வேட்டையாடியவனுக்கு வேறு பொழுதுபோக்குக் கிடைத்துவிடும். வயிற்றுக்காக வேட்டையாடியவன் என்ன செய்வான்? குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் நாம் அழைக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்மாய்க் கரைகளில் கூடாரம் போட்டு வாழ்ந்தவர்கள். அவர்களுடைய நாட்டுத் துப்பாக்கியில் குழல் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடி வீணானால் மறுபடி கெட்டித்து முடிப்பதற்குள் பறவை அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். ஆகவே சுடுவதைவிடப் பார்ப்பதிலேயே அவர்கள் பழகியிருந்தார்கள். சட்டம் வந்தபோது மகாராஜாவின் துப்பாக்கியும் அவர்கள் துப்பாக்கியும் ஒரே நாளில் குற்றமாயின. மகாராஜாவுக்கு அரண்மனை மிஞ்சியது. இவர்களுக்கு ஊசியும் பாசிமணியும் மிஞ்சின. இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா பாராளுமன்றத்தில் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான். சட்டம் தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. பறவையைக் காப்பாற்றியபோது, பறவையை அறிந்தவனைக் கைவிட்டோம் என்பதே நம் குறை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கு அழைத்துக்கொண்டு போயிருந்தோம். பாட புஸ்தகத்தில் உள்ள படத்தைக் காட்டி நாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கையில், கரையோரமாகப் போன முதியவர் ஒருவர் நின்றார். தோளில் மணிமாலைகள் தொங்கின.

"சாமி, சத்தம் போடாதீங்க. அதோ அந்த ஒண்ணு கழுத்தைத் தூக்கி நிக்குது பாருங்க. அதுக்குத்தான் காவல். அது மேயத் தலையைக் கவுத்தா நாம நாலடி எடுத்து வைக்கலாம்" என்றார்.

அப்படியே செய்தோம். அந்த ஒரு பறவை தலையைத் தூக்கினால் நிற்பது, கவிழ்த்தால் நடப்பது. நாற்பது பிள்ளைகள் மூச்சு விடாமல் நகர்ந்ததை நம் உத்தியோக காலத்தில் அன்றுதான் கண்டோம்! போதுமான தூரம் போனதும் அவர் உதட்டைக் குவித்து இரண்டு முறை மெல்லிய சீழ்க்கை அடித்தார். நீரின் நடுவிலிருந்து சீழ்க்கைச் சிறகி ஒன்று பதில் கொடுத்தது. பிறகு இன்னொன்று. பிள்ளைகளில் ஒருவன் அடக்க மாட்டாமல், "தாத்தா, எனக்குச் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டான். "என் பேரனே கேட்கலையே, ராசா" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

இந்த வித்தைக்கு மறுவாழ்வு கொடுக்க முடியாதா? முடியும் என்பதற்கு அத்தாட்சி வேதாரண்யத்துக்கு அருகே கோடியக்கரையில் இருக்கிறது. பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டித் திரும்பப் பறக்கவிட்டு, அவை எங்கெங்கே போகின்றன என்று ஆராயும் வேலையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் சலீம் அலியின் தலைமையில் 1960-களில் பெரிய அளவில் நடத்தத் தொடங்கியது. ஒரு சிறகுகூட முறியாமல் உயிரோடு பிடித்துத் தர யார் இருக்கிறார்கள்? பட்டம் பெற்றவர்களால் ஆகவில்லை. பீகாரிலிருந்து மீர் ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்போரை அழைத்துவந்தார்கள். கண்ணி வைப்பதும் வலை விரிப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. இறைச்சிக்காகப் பிறந்த வித்தை விஞ்ஞானத்துக்கு உதவியது. சம்பளமும் கௌரவமும் கிடைத்தன. எங்கள் கண்மாய்க் கரை ஜனங்களுக்கு அந்த அழைப்பு வரவில்லை. பறவைக் காவலர், வழிகாட்டி என்று சர்க்கார் ஆள் எடுக்கும்போது பள்ளிக்கூடச் சான்றிதழைக் கேட்கிறவர்கள், சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

சரணாலயங்களுக்குக் குறைவில்லை. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-இலும், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் 1998-இலும், தேர்த்தங்கல் 2010-இலும், சக்கரக்கோட்டை 2012-இலும் சரணாலயங்களாயின. முதல் இரண்டும் 2022-இலும், கடைசி இரண்டும் 2025-இலும் ராம்சார் பட்டியலில் ஏறின. ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடற்கரையிலுள்ள ஓர் ஊர். நீர்ப்பறவைகளின் இருப்பிடங்களைக் காப்பதற்காக 1971 பிப்ரவரியில் பல தேசத்தார் அங்கே கூடி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ராம்சாரில் போட்ட கையெழுத்து ராமநாதபுரத்து நாரைக்கு உதவுவது காதுக்கும் இனிமையாக இருக்கிறது.

அமெரிக்காவில் 1934 முதல் வாத்து வேட்டைக்காரன் ஒவ்வொருவனும் வருஷந்தோறும் ஒரு முத்திரைத் தலை வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை விலைக்கு வாங்கிப் பாதுகாக்கிறார்கள். வேட்டைக்காரனே வாத்துக்கு வீடு வாங்கித் தருகிறான். விசித்திரமான ஏற்பாடுதான், ஆனால் அதிலே ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் இருந்தால்தான் வாத்து. இங்கே நாம் துப்பாக்கியை நிறுத்திவிட்டோம், பலகையும் நட்டுவிட்டோம். தண்ணீருக்கு என்ன செய்தோம்? குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டியோடு இறங்கிக் கண்மாயைத் தூர் எடுத்த வழக்கம் நின்றுபோய் வெகு நாளாயிற்று. வரத்துக்கால் தூர்ந்து, உள்வாயில் மண்மேடிட்டு, சீமைக் கருவேலம் காடாக மண்டிக் கிடக்கிறது. அந்த முள்மரத்தின் மேலும் நாரை கூடு கட்டத்தான் செய்கிறது. நாட்டு மரம், சீமை மரம் என்ற நம் வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் அடியில் தண்ணீர் இல்லாத மரத்தை அது திரும்பியும் பார்ப்பதில்லை. குஞ்சுக்கு இரை தேட மீன் வேண்டும். நாயும் பூனையும் ஏறாமலிருக்க மரத்தைச் சுற்றி நீர் வேண்டும். நூறு வேடர்கள் செய்ய முடியாததை ஒரு வறண்ட கண்மாய் செய்துவிடும்.

கண்மாய் வறண்டாலும் கடல் வறளாது என்பதால் தனுஷ்கோடிப் பக்கம் ஏமாற்றம் குறைவு. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த அந்த மணல்திட்டின் ஓரத்து ஆழமில்லாத உப்பு நீரில் பனிக்காலந்தோறும் பூநாரைகள் வந்து நிற்கின்றன. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரைச் சலித்து, நுண்ணிய பாசியையும் பூச்சிகளையும் தின்னும். பழைய ரோமாபுரிச் சீமான்கள் இந்தப் பறவையின் நாக்கை விருந்துப் பண்டமாகத் தின்றார்களாம். பணம் அதிகமானால் புத்தி போகும் வழிகள் பல. 2025-இல் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகச் சர்க்கார் அறிவித்தார்கள்.

இராமேசுவரம் யாத்திரை போகிற குடும்பங்கள், தை மாசி மாதமானால், சுவாமி தரிசனம் முடிந்ததும் வண்டியை அரை மணி நேரம் அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லலாம். வெயில் ஏறுவதற்குள் போவது உத்தமம். பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம். கையைத் தட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் வழக்கமும் வேண்டாம், வெகு தூரம் பறந்து வந்த களைப்பு அவற்றுக்கு. இரவல் வாங்கியாவது ஒரு தூரதர்சினிக் கண்ணாடி எடுத்துப் போங்கள். கூட்டத்தின் ஓரத்தில் மேயாமல் கழுத்தை நிமிர்த்தி நிற்கும் ஒரு பறவையைக் குழந்தைகளுக்குக் காட்டி, அது தலையைக் கவிழ்க்கும் வரை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நாலடி போகலாம்.